ஒப்புக்கொண்டார்

சட்டக் கல்லூரியின் பெரிய மாடிப்படிக்குக் கீழே எட்டடிக்கு ஆறடியில் ஓர் அறை இருந்தது. கதவு கிடையாது, தகர ஷட்டர்தான். குனிந்துதான் உள்ளே போக வேண்டும்; மறந்துபோய் நிமிர்ந்தால் படிக்கட்டின் அடிப்பாகம் மண்டையில் தட்டி ஞாபகப்படுத்தும். ஜெராக்ஸ் அக்கா பத்தொன்பது வருஷம் குனிந்துதான் போனாள், வந்தாள். அவளுக்கு அது பழகிப்போயிற்று. மேலே ஏறிப் போகிறவர்களுக்கோ, கீழே ஒருத்தி குனிந்துகொண்டிருப்பது அதைவிட நன்றாகப் பழகிப்போயிற்று.

அந்தப் பெயரை வைத்தது மாணவர்கள். வந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது, பெயர் பொருந்தியது. இப்போது ஐம்பத்தொன்று. மகள் வயதுப் பிள்ளைகளும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். "ஆன்ட்டின்னு கூப்பிட்டுப் பாருங்க, எழுத்தெல்லாம் மங்கலாத்தான் விழும்" என்று எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தாள்.

அவள் கணவர் வேலை பார்த்த துணி ஆலை ஒரு திங்கட்கிழமை காலை திறக்கவில்லை. அதன்பின் அவர் வீட்டு முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பேண்ட் நீளம் குறைப்பது, பைக்கு ஜிப் மாற்றுவது என்று வேலை வந்தது, பல நாள் வராமலும் இருந்தது. அவள் அப்போது ஓர் அலுவலகத்தில் நகல் எடுக்கும் வேலையில் இருந்தாள். அங்கே புது மெஷின் வாங்கியபோது பழைய மெஷினையும் அவளையும் சேர்த்தே வெளியே அனுப்பினார்கள். மெஷினை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார்கள், எடுத்துக்கொண்டாள். வைக்க இடம் தேடி அலைந்து கடைசியில் சட்டக் கல்லூரி முதல்வரிடம் போய் நின்றாள். அந்தக் காலத்து முதல்வர் இரக்கமுள்ள மனுஷர். படிக்குக் கீழே கிடந்த உடைந்த நாற்காலிகளை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு, "இருந்துக்கோம்மா, யாரு கேக்கப் போறா?" என்றார். எழுத்தில் எதுவும் தரவில்லை. அவளும் கேட்கவில்லை. நாள் முழுக்கக் காகிதத்தோடு மாரடித்தவள் தனக்கென்று ஒரு காகிதம் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷமே தத்துவம் வந்தார். தத்துவம் என்பது மாணவர்கள் அந்தப் பேராசிரியருக்கு வைத்த பெயர். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு 'அரசியல், சட்டம், சமூகம்: தத்துவத் தொடக்க வாசிப்பு' என்று ஒரு பாடம் உண்டு, அதை நடத்துகிறவர். நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து, நடுநடுவே துண்டுக் காகிதங்கள் செருகி, "இந்தக் கட்டுரைகளை மட்டும் எடுத்து ஒரு தொகுப்பாக் கட்டிக் கொடும்மா. வருஷா வருஷம் இதேதான்" என்றார். அவள் புத்தகத்தை விரித்துக் கண்ணாடியில் கவிழ்த்து, ஒரு தாளுக்கு இரண்டு பக்கமாக எடுத்தாள். புத்தகம் கண்ணாடியைவிடக் கொஞ்சம் பெரிது, பக்க எண்கள் விளிம்புக்கு வெளியே போய்விட்டன. அது ஒரு பெரிய குறையாக யாருக்கும் படவில்லை. அந்த முதல் நகலை மாஸ்டர் என்று பெயர் எழுதி ஓர் உறையில் பத்திரப்படுத்தினாள். பிறகு வந்த அத்தனை நகலும் அதன் வயிற்றில் பிறந்தவைதான். அதன் கனத்தைப் பார்த்துப் பிள்ளைகள் அதைத் தலையணை என்றார்கள்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான், ஆனாலும் தலையணையை அவள் படித்தாள். மெஷின் சூடாகும் நேரம், தாள் சிக்கிக்கொள்ளும் நேரம், மழை பெய்து யாரும் வராத நேரம் எல்லாம் படிப்புத்தான். முதலில் ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது வருஷத்தில் கொஞ்சம் பிடிபட்டது. நான்காவது வருஷத்தில் பரீட்சைக்கு முந்தைய நாள் வந்து நிற்கிற பிள்ளைகளுக்கு அவளே சுருக்கம் சொல்ல ஆரம்பித்தாள்.

"முதல் கட்டுரைக்காரரு அரசாங்கம் எதுக்குன்னு கேள்வி கேட்டுட்டு முப்பது பக்கம் சுத்துறாரு. கடைசிப் பாராவை மட்டும் படிச்சுக்கோ, போதும். ரெண்டாவது ஆளு நல்லவரு, ஆனா ஏழைன்னு ஒருத்தரை நேர்ல பார்த்த மாதிரி தெரியல. சொத்து பத்தின கட்டுரையில அடிக்குறிப்புலதான் விஷயமே இருக்கு. நோட்ஸ் எழுதினா கறுப்பு மையில எழுது தம்பி. மெஷினுக்கு வெளிர் நீலம் கண்ணு தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எல்லோரிடமும் சொல்வாள். ஆசிரியர்கள் வெளிர் நீலத்தில் அடித்துத் திருத்திய தாள்களை அவளுடைய பழைய மெஷினில் போட்டால், திருத்தமே இல்லாதவை போலச் சுத்தமாக வெளியே வரும். அதை வைத்துப் பிள்ளைகள் செய்த திருகுதாளம் தனிக் கதை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் குட்டி வக்கீல். ஒட்டிய கன்னம், பெரிய குரல். எதற்கெடுத்தாலும் வாதம். "அக்கா, இதுல நாலு வெத்துப் பக்கம் இருக்கு. வெத்துப் பக்கம் நகல் ஆகுமா? அதுல எதை நகல் எடுத்தீங்க?" என்பான். அவன் வாய்க்காகவே அவளுக்கு அவனைப் பிடிக்கும். அட்டை கோணலாகக் கட்டிப்போன ஒரு தலையணையை, விற்க மனசில்லாமல் அவனுக்குச் சும்மாவே கொடுத்தாள். "கோணல் அட்டை, கோணல் வாதம். பொருத்தமா இருக்கும், போ" என்றாள். அவன் மழைக்கு ஒதுங்கித் தாள்கட்டின்மேல் உட்கார்ந்து அதைப் படிப்பான்.

ஆறாவது வருஷத்தில் நூலகத்தார் மூலப் புத்தகத்தை பைண்டிங்குக்கு அனுப்பினார்கள். அதையும் அவள்தான் செய்வாள். பழைய முதுகைப் பிரித்து, தாள்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தவளின் விரலில் ஒரு தாள் கனமாகப் பட்டது. அட்டைக்கத்தியை மெல்ல விட்டாள். பசையில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தாள்கள் பிரிந்தன. உள்ளே நாற்பத்தாறாம் பக்கமும் நாற்பத்தேழாம் பக்கமும், அச்சகத்திலிருந்து வந்த நாள் முதல் யார் கண்ணும் படாமல், எழுத்து மங்காமல் வெள்ளை வெளேரென்று இருந்தன.

அவளுக்குத் தலையணை கிட்டத்தட்ட மனப்பாடம். சம்மதம் பற்றிய கட்டுரை அது. நாற்பத்தைந்தாம் பக்கம் இப்படி முடியும்: 'ஓரிடத்தில் இருந்து, அதன் பயன்களை அனுபவித்து, எதிர்ப்புச் சொல்லாமல் இருப்பவர் அதன் விதிகளை ஒப்புக்கொண்டவர் ஆகிறார்.' தலையணையில் அதற்கடுத்து உடனே வருவது, 'ஆகவே இந்தக் கேள்வியை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.' படிப்பதற்கு வழுக்கிக்கொண்டு போகும். யாரும் தடுக்கி விழுந்ததில்லை.

ஆனால் நாற்பத்தாறாம் பக்கம் இப்படித் தொடங்கியது: 'இவ்வாறு சொல்கிறவர்கள், வெளியே போவதற்கு வேறோர் இடம் இருக்கிறவனின் மௌனத்தையும், போக்கிடமில்லாதவனின் மௌனத்தையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். இரண்டாமவன் ஒப்புக்கொள்ளவில்லை. அவனை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.' இரண்டு பக்கம் முழுக்க அந்த மனுஷர் முதலில் சொன்னதைப் பிய்த்து உதறியிருந்தார். அதற்கப்புறம்தான் அந்த 'ஆகவே'. ஆறு வருஷமாக அவளுடைய மெஷின் அந்த மனுஷரின் வாயில், அவர் மறுத்த பேச்சையே அவருடைய முடிவாகத் திணித்துக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு பக்கத்தையும் தனித்தனித் தாளில், பக்க எண் தெரிய நகல் எடுத்துக்கொண்டு தத்துவத்திடம் ஓடினாள். அவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது காட்டினியாம்மா?"

"இல்லீங்க சார். தப்பு என்னுதுதான். பார்க்காம ரெண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிட்டேன். இந்த வருஷத்துல இருந்து சேர்த்துடறேன்."

"அவசரப்படாத. இத்தனை செட் பசங்க இதைத்தான் எழுதிப் பாஸாகிப் போயிருக்காங்க. நானே மார்க் போட்டிருக்கேன். இப்போ இதைக் கிளப்பினா எல்லாருக்கும் சங்கடம். பாடத்திட்டத்துக்கு இருக்கறது போதும். இதை மனசுல போட்டுக்காத."

அதாவது, நடுவில் இரண்டு பக்கம் இல்லாததை அவர் ஆறு வருஷம் பாடம் நடத்தியும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்தவளை வாயை மூடச் சொன்னார். அவளும் தலையாட்டிவிட்டு வந்தாள். அவளைக் கோபித்துக்கொள்வதானால் இந்த ஓர் இடத்தில் கோபித்துக்கொள்ளலாம். மாஸ்டர் உறையில் அந்த இரண்டு பக்கத்தையும் தனியாக மடித்து வைத்தாள். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. படிக்குக் கீழே இருக்கிறவள் மேலே இருக்கிறவரோடு மல்லுக்கட்டி எங்கே போவாள்?

பதின்மூன்று வருஷம் ஓடியது. முதல்வர்கள் மாறினார்கள். கடைசியாக வந்தவருக்கு எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும். வாசலருகே கண்ணாடி அறை ஒன்று கட்டி, 'ஆவண சேவை மையம்' என்று ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார். கம்பெனிக்காரர்கள் வளாகத்தில் வேறு நகல் கடை இருக்கக் கூடாது என்றார்கள். அடுத்த வாரம் ஜெராக்ஸ் அக்காவுக்கு நோட்டீஸ் வந்தது. முப்பது நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும், ஆட்சேபணை இருந்தால் விசாரணைக் குழுவின்முன் சொல்லலாம்.

காரணமும் எழுதியிருந்தார்கள். படிக்கட்டின் கீழும் வராந்தாவிலும் தொழில் செய்கிறவர்கள் கல்லூரி விரும்பும்வரை மட்டுமே இருக்கலாம் என்று பதினோரு வருஷத்துக்குமுன் ஒரு விதி வந்ததாம், பலகையில் ஒட்டினார்களாம், அவள் எதிர்ப்புச் சொல்லவில்லையாம். விதி வந்தது உண்மை. அதைப் பார்க்கவே இல்லை என்று அவள் சாதிக்கவும் முடியாது. ஒட்டுவதற்கு நாற்பது நகல் எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

நோட்டீஸை அவள் கணவர் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே இரண்டு தரம் படித்தார்.

"வேற இடம் பார்க்கலாமா?"

"காலேஜை விட்டு அந்த மெஷினை எங்க கொண்டுபோய் வைக்கறது? தெருவுல எவன் வந்து தலையணை கேக்கப் போறான்? இந்த வயசுல யாரு எனக்கு வேலை குடுப்பா?" என்றாள். பிறகு உறையிலிருந்து அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து நீட்டினாள். "இதைத்தாங்க காட்டப் போறேன். அவங்களே பாடமா வச்ச புத்தகம். போக்கிடம் இல்லாதவ பேசாம இருந்தா அது சம்மதம் இல்லன்னு அச்சுல இருக்கு."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிதானமாகப் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா இவன் குழுவுல இல்லையே" என்றார்.

"தத்துவம் இருக்காரு. அவருக்குத் தெரியும்."

"தெரியும்ல? அதான் எனக்குப் பயமா இருக்கு."

விசாரணை அடுத்த வாரமே, காலை பதினோரு மணிக்கு, இரண்டாம் மாடியில். நீள மேசைக்கு அந்தப் பக்கம் முதல்வர், பதிவாளர், தத்துவம். இந்தப் பக்கம் அவளுக்கு ஒரு நாற்காலி. பக்கவாட்டில், கல்லூரியின் சார்பில் பேச வந்த வக்கீல். கன்னம் நிறைந்து, கோட்டு போட்டு, தலையில் லேசாக வழுக்கை விழுந்திருந்தாலும் அவளுக்கு ஒரு நொடியில் அடையாளம் தெரிந்துவிட்டது. குட்டி வக்கீல். அவளுக்கு மனசு குளிர்ந்தே போயிற்று. நம்ம பிள்ளை என்று நினைத்தாள், பாவம்.

அவன் எழுந்து, "எதிர்மனுதாரர்..." என்று ஆரம்பித்தான். அது யார் என்று அவள் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள்.

"எதிர்மனுதாரர் பதினோரு வருஷமா இந்த விதிக்குக் கீழ இருந்திருக்காங்க. கல்லூரியோட மின்சாரம், இடம், மாணவர்கள், எல்லாத்தையும் பயன்படுத்தியிருக்காங்க. ஒரு வரி கூட எதிர்த்து எழுதினதில்ல. இது சட்டம் மட்டும் இல்ல சார், அடிப்படை நியாயம். இந்தக் கல்லூரியே முதல் வருஷத்துல சொல்லித் தர்ற பாடம்." பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். கோணல் அட்டை. வாசித்தான்: "'எதிர்ப்புச் சொல்லாமல் இருப்பவர் அதன் விதிகளை ஒப்புக்கொண்டவர் ஆகிறார். ஆகவே இந்தக் கேள்வியை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.'"

அவள் கட்டிக் கொடுத்த புத்தகத்தால் அவளையே அடித்தான். அடித்தவனுக்கு அது தெரியவும் இல்லை.

"தம்பி," என்றாள், பிறகு திருத்திக்கொண்டு, "சார், நடுவுல ரெண்டு பக்கம் இருக்கு." தாளை நீட்டினாள்.

குட்டி வக்கீல் வாங்கிப் படித்தான். கீழே பக்க எண்ணைப் பார்த்தான். தன் புத்தகத்தைப் பார்த்தான். அவன் மக்கு இல்லை, அதுதான் கொடுமை. பாதி படிக்கும்போதே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காது மடல் சிவந்தது. தாளை மேசைமேல் வைத்துவிட்டுத் தத்துவத்தைப் பார்த்தான். தத்துவம் மின்விசிறியைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அந்த அறையில் அவள் பக்கம் நியாயம் இருந்தது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது.

பிறகு குட்டி வக்கீலுக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. குரல் இறங்கியிருந்தது, ஆனால் கேள்வி கூராகவே வந்தது.

"இந்தப் பக்கங்கள் மாணவர்களுக்குக் குடுத்த தொகுப்புல ஏன் இல்ல?"

"ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நான் கவனிக்கல."

"அப்போ, விடுபட்டது உங்க தவறு."

"ஆமா. ஆனா தெரிஞ்ச அன்னைக்கே இந்தச் சார்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். அப்படியே விடச் சொன்னாரு."

எல்லோரும் தத்துவத்தின் பக்கம் திரும்பினார்கள். அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார். "எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்ல. தவிர, இந்தப் பக்கங்கள் பாடத்திட்டத்துல கிடையாது" என்றார். இருபது வருஷமாக உண்மை என்றால் என்ன என்று பாடம் நடத்துகிற வாய், தெத்தாமல் திக்காமல் அதைச் சொல்லிற்று.

பதிவாளர் எழுதிக்கொண்டிருந்தார். அவள் 'ஆமா' என்றபோது அவருடைய பேனா ஓடியதை அவள் பார்த்தாள். 'ஆனா' என்றபோது அது நின்றுவிட்டதையும் பார்த்தாள். வருஷக்கணக்கில் தாளையும் எழுத்தையும் பார்த்த கண், அதை ஏமாற்ற முடியாது.

படி இறங்கும்போது குட்டி வக்கீல் பின்னாலேயே வந்தான். "அக்கா..." என்றான். இப்போதுதான் வாயில் வந்தது. "அந்த ரெண்டு பக்கம் எனக்கு ஒரு காப்பி வேணும்க்கா."

"கீழ வா. கடை இன்னும் தொறந்துதான் இருக்கு."

அவள் மெஷினைப் போட்டு, சூடாகும்வரை காத்திருந்து, இரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்தாள். சாயங்காலம் வரை அவன் வரவில்லை. அவனுடைய கார் மத்தியானமே போய்விட்டது என்று வாட்ச்மேன் சொன்னார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவன்மேல் வந்ததைவிட, அவனைப் பார்த்ததும் குளிர்ந்துபோன தன் மனசின்மேல்தான் அதிகமாக வந்தது.

நான்காம் நாள் பியூன் உத்தரவை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். அவளைவிட இரண்டு வயது மூத்தவர், வந்த நாளிலிருந்து பழக்கம். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"நாலு காப்பி வேணுமாம்மா. அந்தக் கண்ணாடி ரூம்ல இன்னும் மெஷின் வரல."

"குடுங்கண்ணே. வந்த வேலையை வேண்டாம்னா சொல்லுவேன்?"

வழக்கம்போலப் படித்தாள். மூன்று பக்கம். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: 'எதிர்மனுதாரர் பதினோரு ஆண்டுகள் மௌனமாக இருந்ததன் மூலம் மேற்படி விதியை ஒப்புக்கொண்டார். மேலும், மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் குறைபாடுள்ள பாடத் தொகுப்பை வழங்கியதை விசாரணையின்போது அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே, ஏழு நாட்களுக்குள் அறையைக் காலி செய்ய உத்தரவிடப்படுகிறது.'

பேசாமல் இருந்தாள், ஒப்புக்கொண்டாளாம். வாயைத் திறந்தாள், அப்போதும் ஒப்புக்கொண்டாளாம். ஒரே சொல்லை இரண்டு பக்கமும் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். முப்பது நாள் ஏழு நாளானதுதான் அவள் பேசியதற்குக் கிடைத்த பலன். அந்த இரண்டு பக்கத்தைப் பற்றி உத்தரவில் ஒரு வரி கிடையாது.

மூன்று பக்கத்தையும் நாலு நகல் எடுத்தாள். தாள்களை விரலால் தடவி, ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்க எண் தெரிகிறதா என்று சரிபார்த்து அடுக்கினாள். இந்த முறை ஒன்றும் விடுபடவில்லை.

"இதுல ஒரு கையெழுத்து" என்று பியூன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அச்சடித்த வரி: 'உத்தரவைப் பெற்றுக்கொண்டேன், ஒப்புக்கொண்டேன்.' பியூன் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவையே எடுத்துக் கொடுத்தார். அவள் 'ஒப்புக்கொண்டேன்' என்ற சொல்லின்மேல் குறுக்கே மெல்லியதாய் ஒரு கோடு இழுத்துவிட்டு, அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"அடிக்கக் கூடாதும்மா..."

"வாங்கிக்கிட்டேன். அது மட்டும்தான் உண்மை."

"சரி, விடு. இதுக்கும் நாலு காப்பி போட்டுடு. பைலுக்குக் காப்பிதான் போகும்."

சீட்டைக் கவிழ்த்து மூடியை அழுத்தினாள். வெளிச்சம் ஓடியது. வெளியே வந்த தாளைப் பார்த்தாள். கையெழுத்து மங்கலாகத் தெரிந்தது. 'ஒப்புக்கொண்டேன்' பளிச்சென்று இருந்தது. கோட்டைக் காணோம். பியூனின் பேனா வெளிர் நீலம். ஊருக்கெல்லாம் சொன்னவள், தன் விஷயத்தில் பார்க்கவில்லை. கறுப்பைக் கூட்டி வைத்து நாலு நகலும் மறுபடி எடுத்தாள். கையெழுத்து கறுத்தது, சொல் இன்னும் கறுத்தது. கோடு வரவே இல்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நோட்டீஸ் வந்தபோது வரவில்லை, விசாரணையில் வரவில்லை. ஒரு கோடு விழாததற்கு வந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாள்கட்டுகளில் எழுதுகிற தடித்த கறுப்பு மார்க்கரைத் தேடி எடுத்தாள். சீட்டிலும் நாலு நகலிலும் அந்தச் சொல்லை ஒவ்வொன்றாக, எழுத்தே தெரியாதபடி அடித்தாள்.

பியூன் பதறிப்போனார். "அதான் காலி பண்ணப் போறியே, இதை அடிச்சு என்ன ஆகப் போகுது?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே. அடுத்த வாரம் இதே நேரத்துக்கு நான் இங்க இருக்க மாட்டேன். ஆனா நான் ஒப்புக்கல."